தாத்தா போன், பேரன் போன்: கேள்வி பதில்

இங்கே சொல்லும் செட்டிங் எல்லாம் ஆண்ட்ராய்டு போனுக்கு. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும். கிடைக்கவில்லை என்றால் செட்டிங்ஸுக்கு மேலே உள்ள தேடல் கட்டத்தில் தட்டிப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. அவர் கையில் போன் போனாலே ஐகான்கள் இடம் மாறுகின்றன, சிலது காணாமலே போகிறது. சில நேரம் தொட்டாலும் திறப்பதில்லை. புதுப் போன்தான் சார்.

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. வயதானவர்கள் ஐகானைத் தொட்டதும் விரலை எடுப்பதில்லை, அழுத்திப் பிடிக்கிறார்கள். அரை நொடி தாண்டினாலே போன் அதை ‘லாங் பிரஸ்’ என்று எடுத்துக்கொள்ளும். அந்த நிலையில் விரல் லேசாக நகர்ந்தால் ஐகானும் கூடவே நகரும், ‘ரிமூவ்’ மேல் பட்டால் போயே போய்விடும். அக்சஸிபிலிட்டியில் ‘டச் அண்ட் ஹோல்ட் டிலே’யை ‘லாங்’ என்று வையுங்கள். சாம்சங் போனாக இருந்தால் ஹோம் ஸ்கிரீன் செட்டிங்ஸில் ‘லாக் ஹோம் ஸ்கிரீன் லேஅவுட்’டையும் ஆன் செய்துவிடுங்கள்.

தொட்டும் திறக்காததற்குக் காரணம் வறண்ட தோல். விரல் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்துத்தான் திரை தொடுதலை உணர்கிறது. வயதாக ஆக விரல்நுனி காய்ந்துவிடும், அதன்மேல் தடித்த டெம்பர்ட் கிளாஸும் இருந்தால் சுத்தமாக உணராது. கண்ணாடியை மெல்லியதாக மாற்றி, டிஸ்ப்ளேயில் ‘டச் சென்சிடிவிட்டி’ இருந்தால் ஆன் செய்யுங்கள். நகநுனியால் குத்தாமல் விரலின் சதைப்பகுதியால் தொடச் சொல்லுங்கள். கைரேகை தேய்ந்தவர்களுக்கு ஃபிங்கர்பிரின்ட் லாக்கும் அடிக்கடி படுத்தும். ஒரே கட்டைவிரலை இரண்டு தடவை பதிவு செய்துவைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

‘மெதுவா தொடுங்கப்பா’ என்று சொல்லிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. எழுபது வயதுக் கையை மாற்ற முடியாது, போனை மாற்றி அமைக்கலாம்.

கேள்வி: அம்மாவுக்காக எழுத்தைப் பெரிதாக்கினேன். இப்போது பேங்க் ஆப்பில் கீழே இருக்கும் பட்டனே தெரியவில்லை.

ஃபான்ட் சைஸ் வேறு, டிஸ்ப்ளே சைஸ் வேறு. நீங்கள் இரண்டையும் கூட்டியிருப்பீர்கள். டிஸ்ப்ளே சைஸைப் பழைய அளவுக்கே கொண்டுவாருங்கள். ஃபான்ட்டை மட்டும் ஒன்றிரண்டு படி ஏற்றி, ‘போல்ட் டெக்ஸ்ட்’டை ஆன் செய்தால் போதும்.

கேள்வி: மாமியார் போனில் எப்போதும் ‘ஸ்டோரேஜ் ஃபுல்’. எல்லாம் குட்மார்னிங் வீடியோதான்.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, அதற்குள் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’. ‘ஃபார்வேர்டட் மெனி டைம்ஸ்’ என்ற பகுதியில் இருப்பதை முதலில் அழியுங்கள், குடும்பப் படங்கள் பெரும்பாலும் அதில் வராது. பிறகு ஆட்டோ டவுன்லோடில் வீடியோவை எடுத்துவிடுங்கள். கேலரியில் அழித்தால் குப்பைத்தொட்டியையும் காலி செய்யவேண்டும், இல்லாவிட்டால் இடம் கிடைக்காது.

கேள்வி: 8 வயதுப் பையன் கார்ட்டூன் பார்க்க என் போனை வாங்கிவிட்டு ஆபீஸ் குரூப்பில் எதையாவது அனுப்பிவிடுகிறான்.

போனை ஒரே ஆப்பில் பூட்டிவைக்கும் வசதிதான் ‘ஆப் பின்னிங்’. செக்யூரிட்டியில் அதை ஆன் செய்து, பூட்டை எடுக்கும்போது பின் நம்பர் கேட்கும் ஆப்ஷனையும் டிக் செய்யுங்கள். யூடியூபைத் திறந்து, ரீசென்ட்ஸில் அதன் ஐகானைத் தொட்டு, வரும் பட்டியலில் ‘Pin’ என்பதைத் தட்டுங்கள். அவனால் அதைவிட்டு வெளியே வரமுடியாது. உங்கள் பின் நம்பர் அவனுக்குத் தெரிந்திருந்தால் இதெல்லாம் வீண், முதலில் அதை மாற்றுங்கள். நேரக் கட்டுப்பாட்டுக்கு கூகுள் ஃபேமிலி லிங்க் நல்லது. ஆனால் அது பிள்ளையின் பெயரில் தனி கூகுள் கணக்கு உள்ள போனில்தான் வேலை செய்யும்.

கேள்வி: தாத்தா மத்திய அரசு ஓய்வூதியர். ஆயுள் சான்றிதழை வீட்டிலிருந்தே கொடுக்கமுடியுமா அண்ணா?

தாராளமாக. உங்கள் போனிலேயே செய்யலாம். ‘ஆதார் ஃபேஸ் ஆர்டி’, ‘ஜீவன் பிரமான்’ இரண்டு ஆப்பும் வேண்டும். முதலில் ஆபரேட்டராக உங்கள் ஆதார், ஓடிபி, முகம். அடுத்து தாத்தாவுடையது. ஆதார் எண், பிபிஓ எண் (ஓய்வூதிய ஆணையில் இருக்கும் எண்), ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கு எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முகம் பிடிக்காமல் போவது பெரும்பாலும் வெளிச்சத்தால்தான். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகிவிடும். ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள். நவம்பரில் கொடுக்கவேண்டும், 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம்.

கேள்வி: பாட்டி காய்கறிக்கடையில் ஸ்கேன் செய்து பணம் கொடுக்க ஆசைப்படுகிறார். ஏமாந்துவிடுவாரோ என்று பயம்.

ஆசையைத் தடுக்காதீர்கள். யூபிஐ சர்க்கிளில் உங்கள் கணக்கிலிருந்தே அவர் செலவு செய்ய அனுமதி தரலாம். ஒவ்வொரு தடவையும் உங்களைக் கேட்காமலே செலவு செய்யும் முழு அனுமதி என்றால் மாதம் 15,000 ரூபாய் வரைதான், அதற்குள் நீங்கள் இன்னும் குறைத்தும் வைக்கலாம். அவருடைய வங்கிக் கணக்கு அந்தப் போனில் இருக்கவே தேவையில்லை.

பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம் என்பதைப் பாட்டிக்குச் சொல்லிக்கொடுங்கள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஃபைலின் பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்தால் தொடவே கூடாது. அது ஓடிபி திருடும் ஆப்பாக இருக்கும். வீடியோ காலில் போலீஸ் உடையில் வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்றால் உடனே கட் செய்யவேண்டும், அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. பணம் போய்விட்டால் யாரையும் திட்டிக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.