வெங்காயத் தாள்போல் நெல்லிலை: குற்றம் விதையிலா, வயலிலா?

கேள்வி: வலங்கைமான் பக்கம் குடமுருட்டிப் பாசனத்தில் ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) சம்பா போட்டிருக்கிறேன். ரகம் சி.ஆர். 1009. நட்டு நாற்பது நாள் ஆகிறது. அங்கங்கே சில குத்துகளில் இலை விரியாமல் வெங்காயத் தாள்போலக் குழலாக வருகிறது. "விதையிலேயே ஜீன் கோளாறு" என்கிறார் பக்கத்து வயல்காரர். விதை விற்ற கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. யார் சொல்வது சரி? இந்த வயலில் அடுத்த ஆண்டுக்கு விதை எடுக்கலாமா?

பதில்: கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பதற்கு முன்னால் குழல் வந்த ஒரு குத்தை வேரோடு பிடுங்குங்கள். வாய்க்காலில் சேறு போக அலசுங்கள். நடும்போது குத்துக்கு இரண்டு மூன்று நாற்று வைத்திருப்பார்கள். ஒவ்வொரு நாற்றும் தனி விதை. அவற்றை அடியில் பக்குவமாகப் பிரித்து, ஈரச் சாக்கின் மேல் தனித்தனியாக வையுங்கள். இனி ஒரே நாற்றிலிருந்து கிளைத்த தூர்களை மட்டும் எண்ணுங்கள். எத்தனை குழல், எத்தனை சரியாக விரிந்தவை?

ஒரு விதையிலிருந்து வந்த தாய்த்தூருக்கும் பக்கத்தூர்களுக்கும் மரபணு ஒன்றேதான். கோளாறு விதையில் இருந்தால் அது எல்லாத் தூரிலும் தெரிய வேண்டும். பெரும்பாலும் நாற்றங்காலிலேயே கண்ணில் பட்டிருக்கும். ஆறு தூரில் இரண்டு மட்டும் குழல், மற்ற நான்கும் ஒழுங்காக இருக்கிறது என்றால் விதை மேல் பழி போடாதீர்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஆனைக்கொம்பன் ஈ. குழலை அடியிலிருந்து பிளேடால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். வெளிறிய சிவப்பில் சின்னப் புழுவோ கூட்டுப்புழுவோ இருக்கும். உள்ளே காலியாக இருந்தால் நுனியைப் பாருங்கள்: ஒரு சிறு ஓட்டையும், ஈ வெளியேறும்போது விட்டுப்போன தோல் பாதி நீட்டிக்கொண்டும் இருக்கும். அதைக் கண்டுவிட்டால் வேறு சாட்சி வேண்டாம்.

ஆனாலும் பக்கத்து வயல்காரரின் ஊகம் அடிப்படையே இல்லாதது அல்ல. இலையைக் குழலாக்கும் மரபணுக் கோளாறு நெல்லில் உண்மையிலேயே உண்டு. 2009-ல் சீன ஆராய்ச்சியாளர்கள் அப்படி ஒரு மரபணுவைக் கண்டறிந்து, 'சின்ன வெங்காயம் போன்றது' என்ற பொருளிலேயே பெயர் வைத்தார்கள். உங்கள் வாயில் வந்த உவமைதான் அவர்களுக்கும் வந்திருக்கிறது. அது கெட்டுப்போன செடியில் இலை உள்பக்கமாகச் சுருண்டுவிடும்.

ஏன் என்று தெரிய வேண்டுமானால் இலை பிறக்கும் இடத்துக்குப் போக வேண்டும். நெல்லில் அது மேலே இல்லை. உறைகளுக்கு நடுவே, தூரின் அடியில், ஊசிமுனை அளவுகூட இல்லாத ஒரு மேடு. அங்குள்ள செல்கள் இன்ன உறுப்பாவது என்று முடிவெடுக்காதவை. அவற்றை அப்படியே வைத்திருப்பது 'நாக்ஸ்' என்ற மரபணுக் கூட்டம். ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி ஓரிடத்தில் குவியும்போது அங்கே நாக்ஸ் அடங்கும். அடங்கிய இடத்தில் இலை முளைக்கும். அடங்க வேண்டியது அடங்காவிட்டால் என்ன ஆகும் என்பதை மக்காச்சோளம் காட்டிக்கொடுத்தது. இலையில் முடிச்சு முடிச்சாகப் புடைத்த ஒரு மக்காச்சோளச் செடியிலிருந்துதான் இந்தக் கூட்டத்தின் முதல் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது.

இலை முளைத்தால் மட்டும் போதாது, தட்டையாக வேண்டும். மேல்பக்கத்துக்கு ஒரு மரபணுக் கட்சி, அடிப்பக்கத்துக்கு ஒரு கட்சி. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும் எல்லைக்கோட்டில்தான் இலை அகலமாக விரிகிறது. ஒரு கட்சி தோற்றுவிட்டால் இலை ஊசியாகவோ குழலாகவோ முடியும். அந்த 'வெங்காய' மரபணு அடிப்பக்கக் கட்சியைச் சேர்ந்தது. இலை தொங்காமல் நிற்பதற்கும் தனி மரபணு உண்டு. நடுநரம்பை உருவாக்கும் அது கெட்டால் இலை துவண்டு சாய்ந்துவிடும்.

ஆனைக்கொம்பன் புழு செய்வது வேறு. இலையில் இட்ட முட்டையிலிருந்து வெளிவந்து, பனி ஈரத்தில் ஊர்ந்து இறங்கி, நான் சொன்ன அதே மேட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதன் உமிழ்நீர் பட்டு இலையுறை குழலாக நீள்கிறது. செடியின் மரபணு ஒன்றும் கெடவில்லை. அது வேலை செய்யும் விதத்தைப் புழு தன் வீட்டுக்காக மாற்றிக்கொள்கிறது. அதனால் இந்தக் குறை விதை வழியாக இறங்காது. குழலான தூரில் மட்டும் கதிர் வராது.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். கோரைக்கும் அகன்ற இலைக் களைக்கும் 2,4-டி அடித்தீர்களா? அது செயற்கை ஆக்சின். அளவு கூடினாலோ, நாள் தவறி அடித்தாலோ நெல்லிலையும் குழலாக வரும். இதில் எல்லாத் தூரும் ஒருசேரப் பாதிக்கும் என்பதால் தூர் எண்ணும் கணக்கு ஏமாற்றிவிடும். அப்போது வரப்பில் ஏறி நின்று பாருங்கள்: கைத்தெளிப்பான்காரர் நடந்த தடத்திலேயே பட்டை பட்டையாகத் தெரியும், குழலுக்குள் புழு இருக்காது, அடுத்து வரும் இலைகள் மெல்லச் சரியாகும். தண்ணீர் போதாமல் மதியம் சுருண்டு மாலையில் விரிகிற இலையும், இலைச் சுருட்டுப்புழு நூலால் மடித்த இலையும் உங்களுக்கே தெரியும். அவற்றை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

புழுதான் என்று உறுதியானால், உருவான குழலை எந்த மருந்தும் பழையபடி இலையாக்காது. பத்துத் தூரில் ஒன்றுக்கு மேல் குழல் இருந்தால்தான் மருந்து. எது, எவ்வளவு என்பதை உங்கள் உதவி வேளாண் அலுவலரிடம் ஒரு குத்தைக் காட்டிக் கேளுங்கள். அதற்குக் கீழே என்றால் பொறுத்திருங்கள். இந்தப் புழுவையே தின்று வளரும் கருப்புக் குளவி ஒன்று நம் வயல்களில் உண்டு. அவசர மருந்து முதலில் அதைத்தான் கொல்லும். யூரியாவை ஒரேயடியாக இறைக்காமல் பிரித்துப் போடுங்கள், வரப்புப் புல்லைச் செதுக்குங்கள். இந்த இடத்தில் தொல்லை ஆண்டுதோறும் வந்தால், எதிர்ப்பு மரபணு உள்ள மதுரை 3 போன்ற ரகங்களைப் பற்றி விசாரியுங்கள். ஆனால் சி.ஆர். 1009-ஐப் போல அது நீண்ட கால ரகம் அல்ல. பட்டத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

விதை எடுக்கலாம், தாராளமாக. நீல அட்டைச் சான்று விதைக்கான வயலிலேயே ஆயிரம் செடிக்கு இரண்டு கலவன் (ரகம் மாறிய செடி) வரை விதிகள் அனுமதிக்கின்றன. ஆகவே உயரம், இலை அகலம், இலை நிற்கும் கோணம் மாறி எல்லாத் தூரும் ஒரே மாதிரி வேறுபட்டு நிற்கும் செடி ஒன்றிரண்டு எந்த வயலிலும் இருக்கும். மரபணு மாறியது அதுதான். குழல் குறைவாக உள்ள ஒரு மாவை இப்போதே குச்சி நட்டு ஒதுக்குங்கள். பூக்கும்போது ஒருமுறையும் கதிர் பழுக்கும்போது ஒருமுறையும் உள்ளே இறங்கிக் கலவனை வேரோடு பிடுங்கிவிட்டு, அந்த மாவைத் தனியாக அறுத்துத் தனியாக அடியுங்கள்.