ஒரு நோ டிரம்ப்புக்குப் பிறகு என்ன சொல்வது?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். வயது 61, ஓய்வு பெற்ற ஆசிரியை. ஏற்காட்டில் இருக்கும் என் நாத்தனாரோடு ஜோடி சேர்ந்து இரண்டு வருடமாக பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடுகிறேன். அவர் தன் மாமனாரிடம் கற்றவர், நான் புத்தகம் பார்த்துக் கற்றவள். போன சனிக்கிழமை அவர் 'ஒரு நோ டிரம்ப்' (துருப்பு இல்லாமல் ஏழு டிரிக், அதாவது ஏழு சுற்று, எடுப்போம்) என்று ஏலத்தைத் தொடங்கினார். என்னிடம் ஸ்பேடில் ராஜா, ஜாக்கி, 7, 5, 3. ஆர்ட்டினில் 8, 2. டைமண்டில் 9, 6, 4. கிளாவரில் 10, 5, 2. ஸ்பேடுக்கு மாறச் சொல்லி 'இரண்டு ஆர்ட்டின்' என்றேன். அவர் பாஸ் சொல்லிவிட்டார். எட்டு டிரிக் எடுக்க வேண்டிய இடத்தில் நான்குதான் கிடைத்தது. பிறகு பார்த்தால் அவர் கையில் 13 புள்ளி (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1)! உடன் ஆடுபவர்கள் ஸ்டேமன், டிரான்ஸ்பர், பப்பெட், ஸ்மோலன் என்று ஏல உத்திகளை அடுக்குகிறார்கள். எதைப் படிப்பது? இந்த வயதில் நினைவில் நிற்குமா? நாத்தனார் என்னைவிட மூத்தவர், அவரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நாத்தனார் தவறு செய்யவில்லை. நீங்களும் செய்யவில்லை. 13 புள்ளியில் ஒரு நோ டிரம்ப் சொல்லியிருக்கிறார், இரண்டு ஆர்ட்டினுக்குப் பாஸ் சொல்லியிருக்கிறார் என்றால், அவருடைய மாமனார் கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் ஏக்கால் முறையாகத்தான் இருக்கும். லண்டனில் உள்ள ஒரு தெருவின் பெயரைக் கொண்ட ஆங்கிலேயர் முறை அது. அதன் பழைய வடிவத்தில் ஒரு நோ டிரம்ப் என்றால் 12 முதல் 14 புள்ளி. அதற்கு இரண்டு ஆர்ட்டின் என்று பதில் வந்தால், 'என்னிடம் குறைந்தது ஐந்து ஆர்ட்டின் இருக்கிறது, வலு இல்லை, இதோடு நிறுத்து' என்று பொருள். அவர் நிறுத்தினார். நீங்கள் படித்த முறையில் அதே ஏலம் 15 முதல் 17 புள்ளி, அதே பதில் ஸ்பேடுக்கு மாறச் சொல்லும் டிரான்ஸ்பர்.

அவர் முறைப்படி இந்தக் கைக்கு நீங்கள் நேரே இரண்டு ஸ்பேட் சொல்லியிருப்பீர்கள். உங்கள் முறைப்படி அவர் இரண்டு ஸ்பேடுக்கு மாறியிருப்பார். எந்த முறையில் ஆடியிருந்தாலும் வந்து நிற்கிற இடம் ஒன்றே. அந்த நான்கு டிரிக் போனது, முறை எது என்று முன்பே பேசி வைக்காததால்தான்.

ஆகவே முதலில் புள்ளி வரம்பைப் பேசுங்கள். 15-17 என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். பரவலாகப் புழங்குவது அதுதான், கற்றுக்கொள்ளப் புத்தகமும் துணையும் கிடைக்கும். மூன்று நோ டிரம்ப்புக்கு இரண்டு கையிலுமாக ஏறத்தாழ 25 புள்ளி தேவை. அப்படியானால் பதில் சொல்பவருக்கு 7 வரை என்றால் கேம் (மூன்று நோ டிரம்ப், நான்கு ஸ்பேட் போன்ற போனஸ் தரும் ஏலம்) வேண்டாம், 8-9 என்றால் கேமுக்கு அழைப்பு, 10-க்கு மேல் கேம். 12-14 வைத்தால் இந்தக் கணக்கு முழுக்க மூன்று புள்ளி மேலே நகரும். நாத்தனாருக்குப் பழகிய முறையை விடவே மனமில்லை என்றால் அதையே வையுங்கள், நல்ல முறைதான். இரண்டு பேருக்கும் ஒரே வரம்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து ஸ்டேமன். இதை உருவாக்கியவர் ஜார்ஜ் ரபே, அவருடைய ஜோடியான சாமுவேல் ஸ்டேமன் 1945-இல் கட்டுரையாக எழுதியதால் அவர் பெயர் நிலைத்துவிட்டது. இரண்டு கிளாவர் என்று சொல்லி, 'ஸ்பேடோ ஆர்ட்டினோ நாலு சீட்டு உண்டா?' என்று விசாரிப்பது. இல்லை என்றால் பதில் இரண்டு டைமண்ட். இருந்தால் அந்தச் சூட்டையே (சீட்டு இனத்தையே) சொல்வார். இரண்டும் இருந்தால் முதலில் ஆர்ட்டின். இரண்டு கையிலும் நாலு நாலாகத் துருப்பு இருந்தால் ஒரு கையில் வெட்டி, இன்னொரு கையின் துருப்பை மிச்சம் பிடிக்கலாம். நோ டிரம்ப்பைவிட ஒரு டிரிக் கூட வருவது பெரும்பாலும் இதனால்தான்.

ஸ்பேடில் ஏஸ், ராணி, 8, 4. ஆர்ட்டினில் ராஜா, 7. டைமண்டில் ஜாக்கி, 9, 5, 3. கிளாவரில் 8, 6, 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 புள்ளி. இரண்டு கிளாவர் சொல்கிறீர்கள். இரண்டு ஸ்பேட் வந்தால் நான்கு ஸ்பேட். வேறு எது வந்தாலும் மூன்று நோ டிரம்ப். நாத்தனார் இரண்டு ஆர்ட்டின் சொல்லி, நீங்கள் மூன்று நோ டிரம்ப் போனால் ஏலம் முடிந்துவிட்டது என்று அவர் நினைத்துவிடக் கூடாது. விசாரித்த உங்களுக்கு ஆர்ட்டின் பிடிக்கவில்லை, அப்படியானால் ஸ்பேட் நாலு இருக்கிறது. அவரிடமும் ஸ்பேட் நாலு இருந்தால் நான்கு ஸ்பேடுக்குத் திருத்த வேண்டும். ஒரு போட்டியில் நான் இரண்டும் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் பாஸ் சொன்னேன். எதிராளி வரிசையாக ஐந்து கிளாவர் எடுத்தார். இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஸ்டேமனின் முதல் பாதியை மட்டும் படித்தவர்களுக்கு இதுதான் நேரும், நீங்கள் முழுவதும் படியுங்கள். இன்னொன்று: கையில் 4-3-3-3 என்று இருந்தால் வெட்டுவதற்கு இடமே இல்லை. நான் அப்போது ஸ்டேமன் சொல்வதில்லை, நேரே நோ டிரம்ப்தான்.

மூன்றாவது, டிரான்ஸ்பர். ஸ்வீடனின் ஒல்லே வில்னர் எழுதி, பிறகு 1956-இல் ஆஸ்வால்ட் ஜேக்கபி அமெரிக்காவில் பரப்பியது. ஆர்ட்டின் ஐந்து இருந்தால் இரண்டு டைமண்ட், ஸ்பேட் ஐந்து இருந்தால் இரண்டு ஆர்ட்டின். ஏலம் தொடங்கியவர் அடுத்த சூட்டைச் சொல்லியே ஆக வேண்டும். இதனால் அவரே ஆட்டத்தை நடத்துவார், அவருடைய பெரிய கை மேஜையில் விரியாமல் மறைந்திருக்கும், எதிராளியின் முதல் சீட்டு அதை நோக்கி வரும். அதைவிடப் பெரிய லாபம், உங்களுக்கு இரண்டாவது முறை பேச வாய்ப்பு கிடைக்கும். வலு இல்லையா, பாஸ். 8-9 புள்ளியா, இரண்டு நோ டிரம்ப். சூட் ஆறு நீளம் என்றால் அதிலேயே மூன்று. கேமுக்கு வலு இருந்து ஐந்து சீட்டு என்றால் மூன்று நோ டிரம்ப் சொல்லுங்கள், அவரிடம் மூன்று துருப்பு இருந்தால் நான்குக்கு மாற்றுவார். ஆறு சீட்டு என்றால் நீங்களே நான்கு. டிரான்ஸ்பர் ஆடுகிற ஜோடிகள் தடுமாறுவது இந்த இரண்டாம் சுற்றில்தான். உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

இவ்வளவும் போதும். மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு ஸ்பேட் என்ற பதில் சும்மா கிடக்கிறது. வலு இல்லாத ஆறு கிளாவரோ ஆறு டைமண்டோ வந்தால் அதைச் சொல்லுங்கள், அவர் மூன்று கிளாவர் சொல்வார், நீங்கள் பாஸ் அல்லது மூன்று டைமண்ட். நேரே நான்கு நோ டிரம்ப் சொன்னால் அது ஏஸ் விசாரிப்பு அல்ல, '17 புள்ளி இருந்தால் ஆறு நோ டிரம்ப்புக்குப் போ' என்ற அழைப்பு. ஸ்மோலன், பப்பெட் இரண்டையும் இப்போது தொட வேண்டாம். நல்ல கருவிகள்தான், ஆனால் தேவைப்படும் கைகள் அபூர்வமாகத்தான் வரும். வரும் நாளில் இருவரில் ஒருவர் மறந்திருப்பார்.

எதிராளி குறுக்கே புகுந்தால்? டபுள் (ஏலத்தின் மதிப்பை இரட்டிப்பாக்கும் சொல்) சொன்னால் எல்லாம் அப்படியே நடக்கட்டும். சூட் சொன்னால் டிரான்ஸ்பரும் ஸ்டேமனும் கிடையாது, சொல்வதற்கு நேர்ப்பொருள்தான். இதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அப்புறம், உங்களுக்குள் எது பேசி வைத்தாலும் எதிராளிக்கு அது தெரிந்தாக வேண்டும். பிரிட்ஜில் ரகசிய ஒப்பந்தம் கூடாது.

நினைவு நிற்குமா என்று கேட்டீர்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பிரணாப் பர்தனுக்கு வயது 60, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த உங்களுக்கா கஷ்டம்? 15-17 புள்ளியில், நான்கு சூட்டும் ஏறத்தாழ சமமாக உள்ள கை ஒன்றைப் பொறுக்கி நாத்தனாரிடம் கொடுங்கள், மிச்சத்தைக் கலைத்து 13 சீட்டு நீங்கள் எடுங்கள். ஆட வேண்டாம், ஏலம் மட்டும். ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு 20. அதே எண்ணிக்கையில் ஒரு சாயங்காலத்துக்கு 20 கை போட்டுப் பாருங்கள். பாதியில் இடம் மாறிக்கொள்ளுங்கள்.

நாத்தனாரிடம் 'நீங்கள் சொன்னது தப்பு' என்று தொடங்காதீர்கள், அது உண்மையும் அல்ல. 'அண்ணி, உங்கள் மாமனார் சொல்லிக்கொடுத்ததில் ஒரு நோ டிரம்ப்புக்கு எத்தனை புள்ளி?' என்று கேளுங்கள். அவர் சொல்லி முடித்ததும் உங்கள் முறையைச் சொல்லுங்கள். எது என்று இருவரும் முடிவு செய்ததும் ஒரு தாளில் வரம்பை முதல் வரியாக, அவர் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை சீட்டு கலைப்பதற்கு முன் அந்தத் தாள் இருவர் கையிலும் இருக்கட்டும்.