திசு வளர்ப்பு நேந்திரன்: இணையத்தில் எதை நம்புவது?

கேள்வி: ஒரு ஏக்கரில் திசு வளர்ப்பு நேந்திரன் வாழை நட இருக்கிறோம். யூடியூபில் எல்லாரும் 'நோயே வராது' என்கிறார்கள். சரியான தகவல் எங்கே கிடைக்கும்?
– வாசகர், கம்பம்

பதில்: 'நோயே வராது' என்று சொல்லும் பக்கத்தை அங்கேயே மூடிவிடுங்கள். திசு வளர்ப்புக் கன்று என்பது தாய்மரத்தின் சிறு திசுவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து எடுப்பது. தாய்மரத்தில் வைரஸ் இருந்தால், அதிலிருந்து எடுத்த ஆயிரம் கன்றிலும் இருக்கக்கூடும். சுத்தமான கன்றுக்கும் நட்டபின் அசுவினிப் பூச்சி முடிக்கொத்து என்ற வைரஸ் நோயைக் கொண்டுவரும். இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடும் புள்ளியும் விட்டுவிட்டுத் தெரிந்தால் அதுதான். உடனே கிழங்கோடு அழித்துவிடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-இல் தொடங்கிய திசு வளர்ப்புக் கன்றுச் சான்றளிப்புத் திட்டத்தின் தளம். அங்கீகாரம் பெற்ற திசு வளர்ப்புக் கூடங்களின் பட்டியல் அதில் உண்டு. கூடத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. உங்களுக்கு வரும் கன்றுத் தொகுதிக்கு வைரஸ் சோதனைச் சான்று கேளுங்கள். தொகுதி எண்ணை ரசீதோடு ஒப்பிடுங்கள். கன்று 30 செ.மீ. உயரமும் ஐந்தாறு இலையும் இருக்கட்டும்.

சாகுபடி முறைக்குத் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் தளமும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வேளாண் இணையதளமும் போதும். பின்னது தமிழிலேயே இருக்கிறது. குமுளிக்கு அந்தப் பக்கம் முடிக்கொத்தைக் 'கூம்படப்பு' என்பார்கள், பூமடல் தேமல் என்ற இன்னொரு வைரஸ் நோயைக் 'கொக்கான்' என்பார்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகப் பக்கங்களில் தேடும்போது இந்தப் பெயர்கள் கைகொடுக்கும். ஆய்வுக் கட்டுரையே வேண்டுமென்றால் பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் காப்பகத்தில் முழுதும் இலவசமாகப் படிக்கலாம்.