கொலைக் கதை படித்துச் சிரிக்கலாமா?

கேள்வி: என் வயது 58. மகள் வாங்கித் தந்த ‘எவ்ரிஒன் ஆன் திஸ் டிரெய்ன் இஸ் எ சஸ்பெக்ட்’ நாவலைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். “ஒருத்தன் செத்துக் கிடக்கிறான், உனக்குச் சிரிப்பு வருதா?” என்கிறார் கணவர். அதிலிருந்து புத்தகத்தைக் கையில் எடுக்கவே கூச்சமாக இருக்கிறது. போதாக்குறைக்கு, பாதியிலேயே கடைசி அத்தியாயத்தைப் புரட்டிவிடும் பழக்கமும் எனக்கு உண்டு. நான் செய்வது தப்பா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சிரித்ததில் தப்பே இல்லை. கடைசி அத்தியாயத்தைப் புரட்டுவது தப்புதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் படித்தது ஆஸ்திரேலியாவின் பெஞ்சமின் ஸ்டீவன்சன் எழுதியது. மேடையேறிச் சிரிக்கவைப்பதும் அவர் தொழில். டார்வினிலிருந்து அடிலெய்டு வரை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் ஓடும் ‘கான்’ ரயிலில் துப்பறியும் கதை எழுத்தாளர்களாகப் பார்த்து ஏற்றிவிட்டு, நடுவழியில் ஒருவரைச் சாகடிக்கிறார். கொலை செய்வது எப்படி என்று யோசித்தே பிழைப்பு நடத்தும் கூட்டம் அது. ஆளாளுக்குத் துப்பறியக் கிளம்பிவிடுகிறார்கள். கூடவே தொழில் பொறாமை, மதிப்புரை தந்த வயிற்றெரிச்சல் வேறு! நீங்கள் சிரித்தது செத்தவரைப் பார்த்தா? உயிரோடு இருப்பவர்கள் அடிக்கும் கூத்தைப் பார்த்துத்தானே?

நிஜத்தில் நடந்த ஒன்றை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். 1864 ஜூலையில் லண்டனில் தாமஸ் பிரிக்ஸ் என்ற வங்கிக்காரர் முதல் வகுப்புப் பெட்டியில் தாக்கப்பட்டு இறந்தார். பிரிட்டனின் முதல் ரயில் கொலை அதுதான். அந்தக் காலப் பெட்டிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக நடைவழி கிடையாது. கதவைச் சாத்திவிட்டால், எதிரே இருப்பவர் யாரானாலும் அடுத்த நிலையம் வரை அவரோடுதான். ஊரே நடுங்கிப்போய், 1868-ல் சட்டம் போட்டு, நெடுந்தூரம் நிற்காமல் ஓடும் ரயில்களில் பயணிகள் உதவி கேட்க ஓர் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கினார்கள். இதைப் படித்து யாருக்கும் சிரிப்பு வராது. நாவலில் வரும் ரயிலிலோ நடைவழி உண்டு. எல்லாரும் எல்லாரையும் வேவு பார்க்கலாம், ஆனால் யாரும் இறங்க முடியாது. அப்போது பயம் புதிராக மாறிவிடுகிறது. சிரிக்கவும் இடம் கிடைக்கிறது.

துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டிக்கு இது நன்றாகத் தெரியும். 1931 டிசம்பரில் அவர் வந்த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ், வெள்ளத்தில் தண்டவாளம் அரித்துப்போனதால் வழியில் நின்றுவிட்டது. கூட மாட்டிக்கொண்டவர்களின் பேச்சையும் புலம்பலையும் கணவருக்குக் கடிதமாக எழுதினார். 1934-ல் வந்த அவருடைய புகழ்பெற்ற ரயில் நாவலான ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ஸில் பாதிச் சுவை அப்படிப்பட்ட பயணிகளால்தான் என்பேன்.

இனி அந்தக் கடைசி அத்தியாயம். ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-ல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே தலைகாட்டிவிட வேண்டும். துப்பறிபவர் கண்ணில் படும் தடயம் வாசகருக்கும் தெரிய வேண்டும். ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது. (ரயிலில் அந்த ஒன்றுக்கும் வழியில்லை!) உங்கள் நாவலில் கதை சொல்லும் எர்னெஸ்ட், நேர்மையாக ஆடுவேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடுகிறார். அப்படிப்பட்டவரின் கைச்சீட்டை நீங்கள் எட்டிப் பார்க்கலாமா? பெயர்கள் குழம்பும்போதுதான் பலர் முடிவுக்குத் தாவுகிறார்கள். ஒரு தாளில் யாருக்கு எந்த அறை, கொலை நடந்த நேரத்தில் எங்கே இருந்ததாகச் சொன்னார் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே படியுங்கள். அவசரம் தானாக அடங்கும்.

கணவரோடு வாதாட வேண்டாம். கிறிஸ்டியின் ‘4.50 ஃப்ரம் பேடிங்டன்’ (1957) நாவலின் முதல் அத்தியாயத்தை மட்டும் படிக்கக் கொடுங்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் இணையாக ஓடும் ரயிலில் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்தை நெரிப்பதை ஒரு பெண்மணி பார்த்துவிடுகிறார். யாரும் நம்பவில்லை, பிணமும் கிடைக்கவில்லை. மீதியை அவரே கேட்டு வாங்கிப் படிப்பார். உங்களுக்கு முன்னால் முடித்துவிட்டுக் கொலையாளி யாரென்று போட்டு உடைத்தாரானால் மறுபடி எழுதுங்கள், அதற்குத் தனியாகப் பதில் தருகிறேன்.