45 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டால் லாபமா?

கோவை சரவணம்பட்டியில் 45 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட், வாடகை 15,000 வரும், கையில் பத்து லட்சம் இருக்கிறது, மீதிக்கு லோன் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "உழைக்காமல் வரும் வருமானம்" என்றும் ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணக்கு. 35 லட்சம் லோன், 20 வருடம், வட்டி எட்டரை என்றால் மாதத் தவணை 30,000 தாண்டும். வாடகை அதில் பாதி. மீதிப் பாதி உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். "வாடகையே லோனைக் கட்டிவிடும்" என்று உங்களிடம் சொன்னவர் புரோக்கராகத்தான் இருப்பார். வருடத்துக்கு 1,80,000 என்பது 45 லட்சத்துக்கு நாலு சதவீதம். வீட்டு வரி, மெயின்டனன்ஸ், ஆள் மாறும்போது பெயிண்ட் எல்லாம் கழித்தால் மூன்றுக்குப் பக்கம் வந்துவிடும். இதற்கு மேல் ஃபிளாட் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. எனக்குத் தெரிந்தது லைன் வீடு, அதாவது ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டிக் கட்டி வாடகைக்கு விடும் சின்ன வீடு.

நான் திருப்பூர். என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். பெருமாநல்லூர் ரோட்டுப் பக்கம் ஐந்து சென்ட் இடம் வாங்கிப் போட்டிருந்தார். 2008-ல் அதில் ஆறு லைன் வீடு கட்டினோம். பத்துக்குப் பத்து ஒரு ரூம், அதையொட்டிக் கைப்பிடி அகலத்தில் சமையலறை. ஆறு வீட்டுக்கும் சேர்த்து இரண்டு பாத்ரூம், இரண்டு கக்கூஸ். போர், செப்டிக் டேங்க் எல்லாம் சேர்த்து ஒன்பதரை லட்சம் ஆனது. வாடகை வீட்டுக்கு 1,200. அதே பணத்தை வங்கியில் போட்டிருந்தாலும் அந்த வருடம் ஒன்பது, பத்து சதவீத வட்டி கிடைத்திருக்கும். இதை அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அந்த ஒன்பதரையில் ஐந்து லட்சம் எங்கள் அண்ணன் கொடுத்தது. கொடுத்தது என்று சொல்வதே தப்பு. 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கில்லை என்றது தமிழ்நாட்டுத் திருத்தம். நான் 1988 ஆவணியில் கல்யாணம் ஆனவள். ஏழு மாதத்தில் போச்சு. 2005-ல் மத்தியச் சட்டம் மாறி எல்லாப் பெண்களுக்கும் உண்டு என்று ஆனது. அதற்கப்புறம்தான் அண்ணனுக்கு என் மேல் பாசம் பெருகியது. "ரெஜிஸ்டர் ஆபீசுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போ அம்மிணி" என்றார். என் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்குத்தான் அந்த ஐந்து லட்சம். போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் மிதிக்க முடியாது, மகளுக்கு மாமன் சீர் வராது. அவினாசிப் பக்கம் இரண்டு ஏக்கர் காடு என் பங்கு (விவசாய நிலத்தை எங்கள் பக்கம் காடு என்போம்). இன்று அங்கே சைட் போட்டு விற்கிறார்கள், ஒரு சென்ட்டே ஐந்து லட்சம் என்கிறார்கள். சரி, இதைக் கேட்டால் உங்களுக்கு என்ன ஆகப்போகிறது. லைன் வீட்டுக்கு வருகிறேன்.

திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. மாதம் ஐந்தாம் தேதி வாடகை என்று பேசி வைத்தால் வராது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர்கள் கறி எடுக்கக் கிளம்புவதற்கு முன்னால் போய் வாசலில் நிற்க வேண்டும். பத்து மணிக்குப் போனால் பாதிதான் கையில் இருக்கும். இதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

அப்புறம் 2011. ஜனவரிக் கடைசியில் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. கழிவு நொய்யல் ஆற்றில் கலப்பது நிற்கவே இல்லை என்பதுதான் காரணம். அந்த உத்தரவு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், தயவுசெய்து யாரும் சண்டைக்கு வராதீர்கள். அந்தக் கழிவு போய்த் தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயிகள் பட்ட பாடு இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் என் ஆறு வீட்டில் நாலு வீட்டில் குடியிருந்தவர்கள் சாயப்பட்டறை ஆட்கள். தேனி, திண்டுக்கல் பக்கம். இரண்டு மாதத்தில் நாலு வீடும் காலி. ஏழு மாதம் பூட்டுத்தான். நகையை வைத்து வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் தவறாமல் ஓடியது. ஒரு குடும்பம் மூன்று மாதப் பாக்கியோடு ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டது. ஒரு கிரைண்டரை விட்டுவிட்டுப் போனார்கள். பாக்கிக்கு எடுத்துக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். மூன்று வருடம் துணி போட்டு மூடி வைத்திருந்தேன், யாரும் வரவில்லை. அதற்கப்புறம்தான் மாவாட்டினேன். நல்ல கோயமுத்தூர்க் கிரைண்டர், இன்றைக்கும் ஓடுகிறது.

அன்றைக்குத் தெரிந்தது, என் வீட்டுக்கு வாடகை கொடுப்பது அந்த நாலு குடும்பம் இல்லை, சாயப்பட்டறை என்பது. உங்களுக்கும் அதேதான். சரவணம்பட்டியில் குடிவருவது ஐ.டி. பிள்ளைகள். 2020-ல் வீட்டிலிருந்தே வேலை என்று கம்பெனிகள் சொன்னபோது அந்த ஏரியாவில் எத்தனை 'டு லெட்' போர்டு தொங்கியது என்று நீங்கள் பார்க்கும் அப்பார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் கேளுங்கள். பில்டர் சொல்ல மாட்டார்.

அந்தக் கொரோனாவில் எனக்கு இரண்டாவது அடி. அதற்குள் மூன்று வீட்டில் ஒடிசாப் பையன்கள். தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று அரசு உத்தரவு வந்தது. நான் இரண்டு மாதம் கேட்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, கேட்டிருந்தாலும் அவர்களிடம் இல்லை. மே மாதம் சிறப்பு ரயிலில் ஏறிப் போய்விட்டார்கள். தீபாவளிக்குத்தான் மறுபடி ஆள் வந்தது, அதுவும் வேறு ஆட்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ சுற்றியபோது மறுபடியும் இரண்டு ரூம் காலி. ஒரு பையன் என்னிடமே வந்து போனைக் காட்டி "நிஜமா அம்மா?" என்று கேட்டான். இல்லடா என்றேன். இருந்தும் போய்விட்டான்.

உழைக்காமல் என்றீர்களே, கக்கூஸ் கதையைக் கேளுங்கள். ரூமுக்கு நாலு பேர் என்று பேசிக் கொடுப்போம். போய்ப் பார்த்தால் ஏழு பேர் இருப்பார்கள், ஷிப்ட் மாற்றி மாற்றித் தூங்குவார்கள். வருடத்துக்கு ஒரு முறை வர வேண்டிய செப்டிக் டேங்க் லாரி மூன்று முறை வரும். உப்புத் தண்ணீர் குழாயைத் தின்றுவிடும். மோட்டார் காயில் புகைவது எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான். வாடகையில் வீட்டு வரி போக மீதியில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொண்டுதான் வருமான வரிக் கணக்கே போடுகிறார்கள். சில வருடம் எனக்கு அந்த 30 போதவில்லை. 2022-ல் வீட்டு வரியும் ஏறியது.

கரண்ட் விஷயத்தில் ஓனர்களைத் திட்டுவீர்கள், தெரியும். ஆரம்பத்தில் நாங்களும் ஒரே சர்வீஸில் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் வாங்கியவர்கள்தான். பிறகு அலைந்து வீட்டுக்கு வீடு தனி சர்வீஸ் எடுத்தேன். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பது குடியிருப்பவர்களுக்கே போகிறது. அந்த இலவசத்தையும் தானே விழுங்கிக்கொண்டு யூனிட்டுக்கு எட்டு, பத்து வாங்கும் ஆட்கள் எங்கள் வீதியிலேயே உண்டு. அவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள்.

மூன்றாம் நம்பரில் ஓவர்லாக் தைக்கும் ஒரு பெண் 2012 முதல் குடும்பத்தோடு இருக்கிறாள். அவளுக்கு 2,800 வாடகை. மற்றவர்களுக்கு 3,300. இளிச்சவாய்த்தனம் என்று வீட்டுக்காரரே சொல்வார். அவளை அனுப்பிவிட்டு 500 ஏற்றினால் வருடத்துக்கு 6,000. இரண்டு மாதம் பூட்டிக் கிடந்து, வெள்ளை அடித்து, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கொடுத்தால் அந்த 6,000-க்கு மேலேயே போய்விடும். மோட்டார் ஓடி டேங்க் வழிந்தால் எனக்குப் போன் செய்கிற ஆளும் அவள்தான்.

இத்தனைக்கும் நஷ்டமா என்றால் இல்லை. பொய் சொல்ல விரும்பவில்லை. எனக்கு லாபம் வந்தது வாடகையில் இல்லை, அந்த ஐந்து சென்ட்டில். கட்டடம் பழசாகிவிட்டது, இடம் ஏறிவிட்டது. அதனால் ஃபிளாட் வாங்கும் முன் ஒன்று பாருங்கள்: பத்திரத்தில் உங்கள் பங்குக்கு எத்தனை சதுர அடி இடம் எழுதுகிறார்கள். யுடிஎஸ் என்பார்கள். நூறு வீட்டுக்கு இடையில் பங்கு போட்டால் கொஞ்சம்தான் தேறும். அதை வைத்துக்கொண்டு என் கதையை உங்கள் கதையோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் நிலையில் நான் இருந்தால் லோன் போட்டு வாங்க மாட்டேன். வாங்கியே தீருவேன் என்று நீங்கள் நின்றால் ஆறு மாதத் தவணையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வாங்குங்கள். வீட்டில் பெரியவர்கள் நெருக்குகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. இல்லையென்றால் மன்னிக்கவும்.

போன மாதம் அண்ணன் மகன் போன் செய்தான். அவினாசிக் காட்டில் விற்காமல் இருக்கும் மூலையில் பத்து லைன் வீடு கட்டப் போகிறானாம். "அத்தை, உங்களுக்குத்தான் அனுபவம்" என்றான். கக்கூஸ் எத்தனை போடுகிறாய் என்று கேட்டேன். மூன்று என்றான். வீட்டுக்கு ஒன்று போடு என்றேன்.