மரியா தெரசா அரியணை ஏறியதும் ஏன் போர் மூண்டது?

மரியா தெரசா, 1740 முதல் 1780 வரை ஆஸ்திரியா, ஹங்கேரி, பொஹீமியா நாடுகளை ஆண்ட அரசி. பெண் வாரிசும் ஆளலாம் என்று தந்தை ஆறாம் சார்லஸ் 1713இல் ஆணையிட்டு, பிற அரசர்களின் ஒப்புதலையும் வாங்கியிருந்தார். அவர் இறந்த இரண்டே மாதங்களுக்குள் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் மரியா தெரசாவுக்குரிய வளமான சைலீசியா மாநிலத்தின் மீது படையெடுத்தார். உயிலுக்கு ஒப்புக்கொண்ட பங்காளி வீட்டாரே, பெரியவர் கண்மூடியதும் வயலில் வேலி போடுவது போல!

சைலீசியா திரும்பக் கிடைக்கவில்லை. அந்த இழப்புதான் சீர்திருத்தங்களுக்கு வித்திட்டது: பிரபுக்களுக்கும் வரி, வலுவான படை, 1774இல் சிறுமியருக்கும் சேர்த்துக் கட்டாயப் பள்ளி. என் பார்வையில் அந்தப் பள்ளிகளே அவரது பெருஞ்சாதனை. அவர் முகம் பொறித்த வெள்ளி நாணயமோ, மறைவுக்குப் பிறகும் 1780 என்ற ஆண்டுடனேயே வார்க்கப்பட்டு எத்தியோப்பியா வரை புழங்கியது.

கணவரால் அதிகாரம் பெற்றவர் என்று பலர் நினைக்கிறார்கள்; பேரரசி என்ற பட்டம் மட்டுமே கணவர் முதலாம் பிரான்சிஸ் 1745இல் புனித ரோமானியப் பேரரசரானதால் வந்தது, ஆட்சியுரிமை மரியா தெரசாவின் சொந்தப் பரம்பரைச் சொத்து.