யாருகிட்டேருந்து யாருக்கு வந்துச்சு? வைரஸ்கிட்ட கேட்டா தெரியுமா?

கேள்வி: 2021 ஏப்ரல்ல எங்க அப்பச்சிக்கு அறுபதாம் சாந்தி, கண்டனூர் வீட்டுலயே வச்சோம், கூட்டம் வேணாம்னு சொல்லியும் பங்காளி வீடு அது இதுன்னு வளவு நிறைஞ்சு போச்சு. மொதல்ல காய்ச்சல் வந்தது மேல்வேலை பார்த்த அக்காவுக்கு, அப்புறம் அஞ்சாறு பேருக்கு, கடைசியில அப்பத்தாவுக்கு. அப்பத்தா போயிட்டாக. அந்த அக்காவாலதான்னு இன்னிக்கும் வீட்டுல சொல்றாக, அவுகளும் அதுக்கப்புறம் எங்க வாசப்படி மிதிக்கல. ஒருத்தர் உடம்புக்குள்ளயே வைரஸ் பலவிதமா இருக்கும், அத வச்சு யாருகிட்டேருந்து யாருக்கு வந்துச்சுன்னு கண்டுபிடிக்கலாம்னு பயோடெக் படிக்கிற என் மகன் சொல்றான். நிசந்தானா?
- வாசகி, கண்டனூர்

பதில்: நிசந்தான் ஆச்சி, ஆனா பாதி நிசம். அதுக்கு முன்னாடி ஒண்ணு, மொதல்ல காய்ச்சல் வந்தவங்கதான் கொண்டு வந்தாங்கன்னு நெனைக்கிறதே தப்பு. கொரோனா ஒட்டுனதுக்கும் காய்ச்சல் வர்றதுக்கும் நடுவுல 2 நாளும் ஆகலாம் 14 நாளும் ஆகலாம், காய்ச்சல் தெரியறதுக்கு 2 நாள் முன்னாடியே அடுத்தவங்களுக்குப் பரவலாம், சிலருக்கு கடைசி வரைக்கும் ஒண்ணுமே தெரியாது. வெளியூர்லேருந்து வந்து இறங்குன யாரோ ஒருத்தர்கிட்டேருந்தே அக்காவுக்கும் அப்பத்தாவுக்கும் ஒரே பந்தியில ஒட்டியிருக்கலாம், அக்காவுக்கு சீக்கிரம் தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

இப்ப மகன் சொன்ன விஷயம். கொரோனா வைரஸோட மரபணுத் தொகுதிய ஒரு நீளமான எழுத்து வரிசைன்னு வைங்க, அதுல சுமார் 30,000 எழுத்து. பரவிக்கிட்டே போறப்ப மாசத்துக்கு ஏறக்குறைய 2 எழுத்துதான் மாறி நிலைக்கும், ஆனா ஒரு ஆள்கிட்டேருந்து அடுத்த ஆளுக்குப் போக அஞ்சாறு நாளே போதும். அதனால ஒரே விசேஷத்துல ஒட்டுன பத்துப் பேரோட வைரஸ படிச்சுப் பார்த்தா பெரும்பாலும் அச்சு அசலா ஒண்ணாவே இருக்கும், யாரு முன்ன யாரு பின்னன்னு தெரியாது.

அதனாலதான் இன்னும் உள்ள போய்ப் பார்க்குறாங்க. ஒரு மூட்டை பொன்னி நெல்லுல நூத்துக்கு அஞ்சு மணி வேற ரகம் கலந்திருக்குன்னு வைங்க, மூட்டை மேல பொன்னின்னுதான் எழுதியிருக்கும், கொட்டி மணி மணியா பார்த்தாத்தான் கலப்பு தெரியும். உடம்புக்குள்ள வைரஸ் கோடிக்கணக்குல நகல் எடுக்குறப்ப அங்கங்க பிழை விழுறதால இந்த கலப்பு வருது. மரபணுவோட ஒவ்வொரு இடத்தையும் நூத்துக்கணக்குல ஆயிரக்கணக்குல திரும்பத் திரும்பப் படிச்சு இத எடுக்குறாங்க. ரெண்டு பேர்கிட்ட ஒரே அபூர்வமான கலப்பு இருந்தா அவங்களுக்குள்ள தொடர்பு இருக்கலாம்.

2014ல மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்குற சியரா லியோன்ல எபோலாங்கிற கொடிய வைரஸ் காய்ச்சல் பரவுனப்ப 78 நோயாளிங்களோட வைரஸ இப்படிப் படிச்சாங்க, முந்தி வந்த சிலர் உடம்புல கொஞ்சமா கலந்திருந்த ஒரு மாற்றம் பின்னாடி வந்தவங்ககிட்ட முழுசா நின்னுருந்துச்சு. அந்த ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவர்றதுக்குள்ள அத எழுதுனவங்கள்ல 5 பேர் எபோலாவாலயே இறந்து போனாங்க, அந்த நாட்டுல கெனிமாங்கிற ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் ஷேக் உமர் கானும் அதுல ஒருத்தர். இந்த அறிவு நமக்கு சும்மா வந்து சேரல.

ஆனா கொரோனாவுல பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. மூட்டையிலேருந்து ரெண்டு மூணு மணி நெல்ல மட்டும் எடுத்து அடுத்த வயல்ல வெதச்சா அந்த கலப்பு கூட வருமா? பெரும்பாலும் வராது. ஒரே வீட்டுல ஒட்டுனவங்கள வச்சு 2021ல செஞ்ச ஆய்வுகள்ல, ஒரு ஆள்கிட்டேருந்து அடுத்தவங்க உடம்புல போய் வேர் பிடிக்கிறது பெரும்பாலும் ஒரு சில வைரஸ்தான்னு தெரிய வந்துச்சு. அப்ப கலப்பு வழியிலயே தொலைஞ்சு போயிடுது. இதோட லேப்ல ஒருத்தர்கிட்ட எடுத்த சாம்பிளோட துளி இன்னொருத்தர் சாம்பிள்ல பட்டுட்டா இல்லாத உறவு இருக்குற மாதிரி காட்டும், சம்பந்தமே இல்லாத ரெண்டு பேர்கிட்டயும் சில எழுத்து தானாவே ஒண்ணு போல மாறியிருக்கும்.

எச்ஐவி வேற மாதிரி, வருஷக்கணக்கா ஒரே உடம்புல இருந்து நிறைய கிளை விடும். ஒருத்தரோட வைரஸ் இன்னொருத்தரோட கிளைக்குள்ள ஒரு கிளையா இருந்தா எந்தப் பக்கத்துலேருந்து எந்தப் பக்கம் போச்சுன்னு ஓரளவு சொல்லலாம். அங்கயும் நடுவுல மூணாவது ஆள் ஒருத்தர் இருந்தாரான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இன்னார்கிட்டேருந்து வரலைன்னு சொல்றதுக்கு இந்த முறை நல்லா உதவும், ரெண்டு பேர் வைரஸும் தூரத்து உறவா இருந்தா அந்தப் பழி அங்கயே நின்னுடும்.

உங்க வீட்டு விஷயத்துக்கு அன்னிக்கு வந்த எல்லாரோட சாம்பிளும் வேணும், அது பத்திரமா ஃப்ரீசர்ல இருந்திருக்கணும். ஊர்ல எடுத்த மூக்குக் குச்சியில சின்ன பங்குதான் மரபணு படிக்கப் போச்சு, சொந்தக்காரங்கள்ல பாதிப் பேர் டெஸ்ட்டே எடுத்திருக்க மாட்டாங்க. அதனால அந்த அக்காவால வந்துச்சுன்னு சொல்ல இனி எந்த லேப்பாலயும் முடியாது ஆச்சி. அவங்களும் உங்க வீட்டுக்கு வேலைக்கு வந்த இடத்துல காய்ச்சல்ல விழுந்தவங்கதானே, அவங்களுக்கு யாரு குடுத்தான்னு இத்தனை வருஷத்துல வீட்டுல ஒருத்தராச்சும் கேட்டாங்களா? மகனையும் கூட்டிக்கிட்டு ஒரு நாள் அவங்க வீட்டுக்குப் போயிட்டு வாங்க.